புள்ளித்தாளைச் சுவரில் ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

குத்துச்சண்டைத் தீர்ப்புகளைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: "எங்கட பொடியன் வென்றவன், நடுவர்கள் பறித்துப்போட்டார்கள்." மாவட்ட மட்டமோ மாகாண மட்டமோ, 3-2 என்று ஒரு முடிவு வந்தால் அன்றிரவே முகநூலில் இதே பேச்சுத்தான். சில வேளைகளில் அது உண்மை. பல வேளைகளில் இல்லை. எது எதுவென்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே சான்று நடுவர்களின் புள்ளித்தாள். தோற்ற கழகம் அதைக் கேட்பதில்லை, ஏற்பாட்டாளர்கள் அதைக் காட்டுவதும் இல்லை. போட்டி முடிந்ததும் தாள்கள் ஒரு கோவைக்குள் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு நடக்கும் வாதமெல்லாம் வெறும் வாய்ச்சண்டை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் நடக்கும் போட்டிகளில் ஒவ்வொரு மோதலும் முடிந்த கையோடு புள்ளித்தாளின் பிரதியை மண்டபச் சுவரில் ஒட்டவேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. இப்போதைய அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) முறையில் ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகப் பார்த்து, சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்குக் குறைவாகக் கொடுக்கிறார். சமன் கிடையாது; யாராவது ஒருவரைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். மூன்று சுற்றையும் கூட்டினால் அந்த நடுவரின் வெற்றியாளர் யார் என்று வரும். கூட்டுத்தொகை சமனாக வந்தால் அவரே ஒருவரை வெற்றியாளராகக் குறிக்கவேண்டும். ஐந்து நடுவர்களில் எத்தனை பேர் எவர் பக்கம் என்பதுதான் 3-2, 4-1, 5-0 என்று நாம் கேட்கும் முடிவு. அதாவது கூட்டல் நடுவருக்கு நடுவர் நடக்கிறது. சபையில் இருப்பவர்களோ சுற்றுக்குச் சுற்று கூட்டுகிறார்கள். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம், கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் தோற்றது இதற்கு நல்ல உதாரணம். முதற்சுற்று 4-1 என வலென்சியாவுக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் 3-2 என மேரி கோமுக்கு. மூன்றில் இரண்டு சுற்று அவருடையது. மேடையை விட்டு இறங்கும்போதும் தான் வென்றதாகவே நினைத்திருந்தார். முடிவு 3-2, வலென்சியா. இந்தியாவே கொதித்தது. ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். முதலாம் நடுவர் மூன்று சுற்றையும் மேரிக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். இரண்டாமவர் முதற்சுற்றை வலென்சியாவுக்கும் மற்ற இரண்டையும் மேரிக்கும். மூன்றாமவர் நடுச்சுற்றை மட்டும் மேரிக்கு. நான்காமவர் கடைசிச் சுற்றை மட்டும் மேரிக்கு. ஐந்தாமவர் மூன்றையும் வலென்சியாவுக்கு. சுற்றுவாரியாகப் பார்த்தால் சரியாக 1-4, 3-2, 3-2. நடுவர்வாரியாகக் கூட்டினால் இரண்டு பேர் மேரி பக்கம், மூன்று பேர் வலென்சியா பக்கம். அன்றைய உண்மையான தாள்கள் இதே வரிசையில் இருந்தன என்று சொல்லவில்லை. களவு எதுவும் இல்லாமலே இப்படி ஒரு முடிவு வர முடியும் என்பதுதான் விஷயம்.

இன்னொரு பொறி 10-9. மயிரிழையில் வென்ற சுற்றும் 10-9தான், ஓரளவு தெளிவாக வென்ற சுற்றும் பெரும்பாலும் 10-9தான். சிவப்பு மூலைக்காரர் முதற்சுற்றில் எதிராளியை மேடை முழுக்கத் துரத்தி அடித்துவிட்டு, அடுத்த இரண்டு சுற்றையும் ஒவ்வொரு நல்ல அடி வித்தியாசத்தில் விட்டுவிட்டால் 28-29 என்று தோற்பார். மொத்த அடியை எண்ணியவர்களுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். இதற்கு மருந்து விதியிலேயே இருக்கிறது: சுற்று தெளிவாக ஒருவருடையது என்றால் 10-8 கொடுக்கலாம், முழு ஆதிக்கம் என்றால் 10-7. ஆனால் எங்கள் பக்கத்து நடுவர்கள் 10-8 எழுதக் கை கூசுகிறார்கள். எவராவது விழுந்தால்தான் 10-8 என்ற எண்ணம் பலருக்கு. அது தொழில்முறைக் குத்துச்சண்டையின் வழக்கம். அமெச்சூரில் விழுத்திய அடிக்கென்று மேலதிகப் புள்ளி இல்லை. அதுவும் ஒரு நல்ல அடி, அவ்வளவுதான். மேடைக்குள் நிற்கும் மத்தியஸ்தர் எட்டு வரை எண்ணினார் என்பதற்காக அந்தச் சுற்று தானாக விழுத்தியவருடையதாகிவிடாது. "விழுத்தினவன் எப்படித் தோற்பான்?" என்று கேட்பவர்கள் யூரியூப்பில் தொழில்முறைச் சண்டைகளைப் பார்த்துப் பழகியவர்கள்.

தொழில்முறையில் அந்த ஒரு புள்ளி எவ்வளவு பெறும் என்பதற்கு 2024 மே மாதம் ரியாத்தில் உலகப் பாரஎடைப் பட்டத்துக்காக நடந்த உசிக் – டைசன் பியூரி சண்டையைப் பார்க்கலாம். மூன்று நடுவர்களின் தாள்கள் 115-112 உசிக், 114-113 பியூரி, 114-113 உசிக். ஒன்பதாம் சுற்றில் கயிற்றில் சாய்ந்து தள்ளாடிய பியூரிக்கு மத்தியஸ்தர் எண்ணிக்கை கொடுத்தார், அது 10-8 ஆனது. அதே சுற்று 10-9 ஆக இருந்திருந்தால் மூன்றாவது தாள் 114-114, சண்டை சமநிலை. பன்னிரண்டு சுற்றின் முடிவு ஒரு எண்ணிக்கையில் தொங்கியது. அமெச்சூரில் அந்தக் கணக்கே கிடையாது. இரண்டையும் ஒரே கோலால் அளக்க வெளிக்கிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது, எது அடி? மூடிய கையுறையின் முட்டிப் பக்கம், தலையின் முன்னும் பக்கமும் அல்லது இடுப்புப் பட்டிக்கு மேலே உடம்பின் முன்னும் பக்கமும், தடுப்பில் படாமல், தோளின் பலத்தோடு விழவேண்டும். பழைய அமெச்சூர் கையுறைகளில் முட்டிப் பக்கம் வெள்ளையாக இருந்ததன் காரணமே நடுவர் அந்த வெள்ளை பட்டதா என்று பார்க்கவேண்டும் என்பதுதான். சபையோ காதால் புள்ளி போடுகிறது. அகலமாகச் சுழற்றிய கையின் உள்ளங்கைப் பக்கம் கன்னத்தில் பட்டால் பளார் என்று மண்டபம் முழுக்கக் கேட்கும். அது புள்ளியில்லை, சொல்லப்போனால் குற்றம். உயர்த்திப் பிடித்த கையுறையில் விழும் அடியும் பெரிய சத்தம் போடும், அதுவும் புள்ளியில்லை. நேராகப் போய் மூக்கில் நிற்கும் இடதுகைக் குத்துக்குச் சத்தமே இராது. தலை ஒரு விரற்கடை பின்னுக்குச் சுண்டும், அவ்வளவுதான். விலா எலும்பின் கீழே இறங்கும் அடிக்கும் அப்படியே: மற்றப் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, முழங்கை சட்டென்று கீழே இறங்குவதை வைத்துத்தான் பிடிக்கவேண்டும். நல்ல நடுவர்கள் பார்ப்பது அடிப்பவரின் கையை அல்ல, அடி வாங்குபவரின் தலையையும் முழங்கையையும்.

தரமான அடிகளின் எண்ணிக்கைக்குப் பிறகுதான் உத்தியிலும் தந்திரத்திலும் யார் ஆதிக்கம், யார் போட்டி மனத்தோடு நின்றார் என்பவை வரும். முன்னே முன்னே போய்க்கொண்டிருந்தவர் வென்றவர் என்பது எங்கள் மக்களிடம் ஊறிப்போன எண்ணம். முன்னே போய் அடி வாங்கியவருக்கு எந்தப் புள்ளியும் இல்லை.

பார்க்கும் இடமும் தீர்ப்பை மாற்றும். 1999 மார்ச்சில் நியூயோர்க்கில் உலகப் பாரஎடைப் பட்டத்துக்கான லெனொக்ஸ் லூயிஸ் – ஹொலிஃபீல்ட் சண்டை சமநிலை என்று அறிவிக்கப்பட்டது. அடியெண்ணும் கணினிக் கணக்கில் லூயிஸ் 348, ஹொலிஃபீல்ட் 130. ஹொலிஃபீல்டுக்கு 115-113 கொடுத்த நடுவர், படப்பிடிப்பாளர்கள் தன் பார்வையை மறைத்ததாகப் பின்னர் சொன்னார். நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் எங்கள் மண்டபங்களில் நடுவரின் பார்வையை மறைப்பதற்குப் படப்பிடிப்பாளர் தேவையில்லை. மேடையின் விளிம்பில் முழங்கை ஊன்றிக் கைபேசி பிடிக்கும் மாமாமார் போதும். நடுவரின் கதிரை தாழ்வாக இருந்தால் கீழ்க்கயிறும் அடுத்த கயிறும் சரியாக அவர் கண்ணுக்கு நேரே வரும். உடம்பில் விழும் அடி பாதி தெரியாது. ஐந்துக்குப் பதில் மூன்று நடுவர்களை வைத்து நடத்தும்போது ஒரு பக்கம் முழுவதும் குருடாகிறது. மத்தியஸ்தர் நிற்கும் பக்கத்தைப் பொறுத்து அந்த மூவரில் ஒருவரும் குறைகிறார். இதில் சதி எதுவும் இல்லை. கதிரையும் கயிறும்தான் பிரச்சினை.

சபையின் கூச்சலையும் விட்டுவிட முடியாது. முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) போட்டி ஒன்றில் டோனி மயர்ஸும் நைஜல் பால்மரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, நடுவர்களில் ஒரு பகுதியினருக்குச் சத்தம் தடுக்கும் காதுக்கவசத்தை மாட்டிப் பார்த்தது. கூச்சலைக் கேட்டவர்கள் சொந்த ஊர்க்காரருக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டார்கள். ஊர்ப் பொடியனின் ஒவ்வொரு அசைவுக்கும் மண்டபமே எழும்பும் எங்கள் போட்டிகளில் அது எவ்வளவு வேலை செய்யும் என்று யோசியுங்கள். வெளியூர்க் கழகங்களின் முறைப்பாடுகளில் நியாயம் இருக்கக்கூடிய இடம் இது. ஆனால் அதை நாம் பேசுவதில்லை, எங்கட பொடியன் தோற்கும்போது மட்டும்தான் பேசுகிறோம்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாத் தீர்ப்பும் நேர்மையானது என்று ஆகிவிடாது. 1988 சோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் 86 அடி, பார்க் சி-ஹுன் 32 அடி என்று அமெரிக்கத் தொலைக்காட்சி எண்ணியது. 3-2 என்று கொரியர் வென்றார்; தோற்ற ஜோன்ஸுக்கு அந்தப் போட்டிகளின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான கிண்ணம் போனது. அதன் பிறகு 1992 ஒலிம்பிக்கில் பொத்தான் அழுத்தும் கணினி முறை வந்தது: ஐவரில் மூவர் ஒரு விநாடிக்குள் அழுத்தினால்தான் புள்ளி. அது வேறொரு நோயைக் கொண்டுவந்தது. வேகமாகத் தொடுத்த மூன்று நான்கு அடியில் ஒன்றுதான் பதியும், உடம்படி அநேகமாகப் பதியாது, வீரர்கள் தொட்டுவிட்டு ஓடப் பழகினார்கள். 2013இல் அதையும் விட்டு 10 புள்ளி முறைக்கு மாறினார்கள்.

மாறி மூன்று வருடத்தில் ரியோ ஒலிம்பிக். உலகமே சிரித்த இரண்டு தீர்ப்புகள், அயர்லாந்தின் மைக்கல் கொன்லன் ரஷ்யாவின் நிகிடினிடம் தோற்றதும், இறுதியில் கசகஸ்தானின் வசிலி லெவிட் ரஷ்யாவின் டிஷ்செங்கோவிடம் தோற்றதும். இரண்டும் பிளவு முடிவுகள் அல்ல. ஐந்தில் கணக்கில் எடுக்கப்பட்ட மூன்று தாள்களிலும் ஒரே முடிவு. 2014 ஆசிய விளையாட்டில் இந்தியாவின் சரிதா தேவி கொரியாவின் பார்க் ஜினாவிடம் தோற்றதும் 3-0தான். மேடையிலே வெண்கலப் பதக்கத்தை வாங்க மறுத்து ஒரு வருடத் தடை வாங்கினார். ஆகவே 3-2 என்றதும் களவு என்று குதிப்பவர்களும், "ஏகமனதான தீர்ப்பு, பிறகென்ன கதை?" என்று வாயை அடைப்பவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். நெருக்கமான சண்டையில் நேர்மையான ஐந்து பேர் 3-2 என்று பிரிவது இயல்பு. ஐவரும் ஒரே மாதிரி எழுதினால்தான் சில வேளை உற்றுப் பார்க்கவேண்டும்.

ரியோவைப் பற்றிச் சுயாதீன விசாரணையாளர் ரிச்சர்ட் மெக்லாரன் 2021இல் கொடுத்த அறிக்கை, ஊழல் மேடையோரத்தில் தொடங்கவில்லை என்கிறது. எந்த மோதலுக்கு எந்த நடுவர் என்று நியமிப்பவர்களிடம்தான் அது தொடங்கியது. போட்டி நாள் காலையில் அறிவுறுத்தல் போயிருக்கிறது. எங்களுக்கு இதிலிருந்து எடுக்கக்கூடியது ஒன்று உண்டு. நடுவர் பட்டியலை முதல் நாள் இரவே தட்டச்சுச் செய்து வைக்காதீர்கள். மோதலுக்குச் சற்று முன், இரு மூலைக் கழகங்களையும் சேராதவர்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுங்கள். வன்னியில் தகுதிபெற்ற நடுவர்கள் கொஞ்சப் பேர், அதிலும் பாதிப் பேர் பயிற்றுநர்கள், இதைச் செய்வது கஷ்டம் என்பது தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ இரண்டு பேரை அழைத்து, பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முறைப்பாடு எழுதும் கழகங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். "எங்கள் வீரரே வென்றார்" என்று எழுதிக் கொடுத்த கடிதம் எதையும் மாற்றாது. 2012 லண்டனில் மாறிய இரண்டு முடிவுகளைப் பாருங்கள். ஜப்பானின் ஷிமிசு கடைசிச் சுற்றில் எதிராளியை ஆறு தரம் விழுத்தியும் 17-22 என்று தோற்றதாக அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் விகாஸ் கிருஷன் 13-11 என்று வென்றதாக அறிவிக்கப்பட்ட பின் அது எரல் ஸ்பென்ஸுக்கு 15-13 ஆக மாறியது. இரண்டிலும் ஏற்கப்பட்ட வாதம் நடுவரின் கண்ணைப் பற்றியது அல்ல. முதலாவதில் மத்தியஸ்தர் எண்ணவேண்டிய இடத்தில் எண்ணவில்லை, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. இரண்டாவதில் விகாஸ் எதிராளியைத் திரும்பத் திரும்பப் பிடித்த குற்றங்களுக்கும் பற்காப்பைத் துப்பியதற்கும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. விதி பிசகிய இடத்தைச் சுற்று, நேரம், குற்றம் என்று குறித்து, விதிப்புத்தகத்தில் சொன்ன நேரத்துக்குள், உரிய கட்டணத்தோடு எழுத்தில் கொடுத்தால்தான் கேட்பார்கள். எச்சரிக்கை ஒன்று எல்லா நடுவர்களின் தாளிலும் ஒரு புள்ளியைக் குறைக்கும் என்பதால், 29-28 ஆன தாளில் அது முழு முடிவையும் புரட்டக்கூடும். அந்தக் குறைப்புப் பதியப்பட்டதா என்பதும் புள்ளித்தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

நெருக்கமான முடிவை மீளாய்வு செய்யும் வழியும் இப்போது உண்டு. 2023இல் டெல்லியில் நடந்த மகளிர் உலகப் போட்டியின் இறுதியில் 3-2 ஆக நின்ற மோதலில் மேலதிகமாக இருவரின் தீர்ப்பும் சேர்ந்ததால் இந்தியாவின் லவ்லினா அவுஸ்திரேலியாவின் கெய்ட்லின் பார்க்கரை 5-2 என்று வென்றார். எங்கள் மட்டத்தில் அதற்கு எதிரெதிர்ப் பக்கங்களில் முக்காலியில் நிறுத்திய இரண்டு கைபேசிகள் போதும். சபையிலிருந்து ஒரு பக்கத்தில் எடுத்து, தங்களுக்கு வாய்த்த இருபது விநாடியை மட்டும் வெட்டி முகநூலில் போடுவது சான்று ஆகாது.

இனம், பிரதேசம் பற்றிய பேச்சையும் தொடாமல் விட முடியாது. கொழும்பில் இராணுவ, பொலிஸ் கழக வீரர்களிடம் எங்கள் பிள்ளைகள் தோற்கும்போது "தமிழன் என்றபடியால்" என்ற வார்த்தை உடனே வருகிறது. அப்படி நடக்கவே நடக்காது என்று நாங்கள் அடித்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதற்சுற்று எங்கள் பிள்ளைக்கு, இரண்டாவது இழுபறி, மூன்றாவது ஐந்து தாளிலும் எதிராளிக்கு என்று இருந்தால் குறை நடுவரிடம் இல்லை. மூன்றாம் சுற்றின் நடுப்பகுதியில் கை மார்புக்கு இறங்குகிறது, கால் நின்றுவிடுகிறது. நாள்தோறும் காலையும் மாலையும் பயிற்சி எடுக்கும் படைக் கழக வீரருக்கு அந்தக் கடைசி ஒன்றரை நிமிடம்தான் சொத்து. மாறாக, ஒரே நடுவர் மோதலுக்கு மோதல் மற்ற நால்வருக்கும் மாறாக, ஒரே கழகத்தின் பக்கமே எழுதியிருக்கிறார் என்று தாள்கள் காட்டினால் அப்போது இலங்கைக் குத்துச்சண்டைச் சங்கத்துக்கு எழுத எங்களிடம் ஒரு வலுவான ஆவணம் இருக்கும்.

தாளை ஒட்டினால் நடுவருக்கு அடி விழும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வது வெறும் சாட்டு அல்ல. ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மறுநாள் சந்தையில் முகம் பார்க்கவேண்டும். ஆகவே பெயர் வேண்டாம். நடுவர் 1, நடுவர் 2 என்று இலக்கம் மட்டும் போதும். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் போட்டிக்குப் பொறுப்பான அலுவலரிடம் இருக்கட்டும். தாளில் மோதல் இலக்கம், எடைப்பிரிவு, சிவப்பு, நீலம், ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுத்த புள்ளி, எச்சரிக்கைக் குறைப்பு, கூட்டுத்தொகை, முடிவு ஆகியவை இருந்தால் சரி. மூன்று சுற்றுக்கும் ஒரே தாளைக் கொடுத்துக் கடைசியில் வாங்காதீர்கள். சுற்றுக்கு ஒரு துண்டு, மணியடித்ததும் எழுதி மத்தியஸ்தரிடமோ பதிவாளரிடமோ கொடுக்கவேண்டும். மூன்றாம் சுற்றின் சூட்டில் முதற்சுற்றைத் திருத்தும் ஆசை நல்ல நடுவருக்கும் வரும்.

சபையில் இருப்பவர்களும் இதையே செய்து பார்க்கலாம். வெற்றுத்தாளில் மூன்று கோடு கீறுங்கள். மணியடித்துப் பதினைந்து விநாடிக்குள் 10-9ஐ எவருக்கென்று எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள், எழுதியதை மாற்றாதீர்கள். பிறகு சுவரில் ஒட்டிய தாளோடு வைத்துப் பாருங்கள். பயிற்சி முகாம்களில் பழைய காணொளியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டே புள்ளி போடச் செய்தால், எந்த அடி நடுவருக்குத் தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சுற்றுக்குச் சுற்று புள்ளியைத் திரையில் காட்டவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பெரிய போட்டிகளில் இப்போது அப்படித்தான். கனிஷ்ட பிரிவுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். இரண்டு சுற்றும் தன்னுடையது என்று தெரிந்த பிள்ளை மூன்றாவதில் ஓடித் திரிவான். பின்தங்கியவன் தலையைக் குனிந்துகொண்டு பாய்வான், தலையும் தலையும் முட்டிப் புருவம் வெடிக்கும். மோதல் முடிந்து கை உயர்த்திய பிறகு ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்றுநர்களும் நடுவர்களும் சிலர்,
கிளிநொச்சி – முல்லைத்தீவு.